இஹ்ராமில் எத்தனை நாள்? தமத்துஃ, கிரான், இஃப்ராத்

ஹஜ் உறுதியானதும் எல்லோரும் விசாரிப்பது, தங்குமிடம் மக்காவின் புனிதப் பள்ளியான ஹரமிலிருந்து எவ்வளவு தூரம், ஹாஜிகள் தங்கும் மினாவில் கூடாரம் எந்தப் பக்கம் என்றுதான். ஹஜ்ஜில் தமத்துஃ, கிரான், இஃப்ராத் என மூன்று வகை உண்டு; எந்த வகை என்பதை, இஹ்ராம் (ஹஜ், உம்ராவுக்கான கட்டுப்பாட்டு நிலை) கட்ட வேண்டிய எல்லையான மீகாத் நெருங்கும்போது பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பவர்களும் உண்டு. நானும் கடைசி வாரம் வரை முடிவு செய்யாமல் இழுத்தடித்தேன். கடைசியில் தமத்துஃ. என் அறையில் தங்கிய பெரியவர் கிரான். எனவே இதில் பாதி நான் பட்டது, மீதி அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இஃப்ராத் செய்தவர் யாரோடும் நெருங்கிப் பழகவில்லை, அதனால் அதைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை.

தெரிந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஃப்ராத்தில் ஹஜ்ஜுக்கு மட்டும் நிய்யத் (மன உறுதி), குர்பானி (பலி) கட்டாயமில்லை. கிரானில் ஒரே இஹ்ராமில் உம்ராவும் (சிறு யாத்திரை) ஹஜ்ஜும். தமத்துஃ என்றால் ஹஜ் மாதங்களில் உம்ராவை முடித்து, முடி குறைத்து, இஹ்ராமிலிருந்து வெளியே வந்துவிட்டு, துல்ஹஜ் மாதம் 8 அன்று தங்கியிருக்கும் இடத்திலிருந்தே மறுபடி இஹ்ராம் கட்டுவது. கிரானுக்கும் தமத்துஃக்கும் குர்பானி உண்டு. முடியாதவர் ஹஜ்ஜின்போது 3, ஊர் திரும்பியபின் 7 என 10 நோன்பு பிடிக்க வேண்டும். மூன்றுமே செல்லும். எது சிறந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு: ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவு) கிரான், ஷாஃபிஈயில் இஃப்ராத், ஹன்பலியில் தமத்துஃ.

நான் ஷாஃபிஈ. அப்படியிருந்தும் தமத்துஃ பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், நாள்காட்டி. அரஃபா நாளுக்கு (துல்ஹஜ் 9) 18 நாள் முன்பே மக்காவில் இறங்கிவிட்டோம். இரவு வந்து சேர்ந்து, சுப்ஹுக்குள் தவாஃப் (கஅபாவைச் சுற்றுதல்), ஸஃயு (ஸஃபா, மர்வாவுக்கிடையே நடத்தல்), முடி குறைப்பு எல்லாம் முடிந்து, காலையில் வழக்கமான உடுப்பில் தூங்கினேன். அடுத்த இஹ்ராம் துல்ஹஜ் 8 அன்றுதான். கிரானோ இஃப்ராத்தோ என்றால் அந்த 18 நாளும், அதற்குமேல் பெருநாள் வரையிலும், கட்டிய இஹ்ராம் அப்படியே நிற்கும்.

இதை லேசாக நினைக்கிறவர்கள் இரண்டு துண்டுத் துணியை மட்டும் யோசிக்கிறார்கள். துணி பிரச்சினையே இல்லை. அழுக்கானால் மாற்றலாம், துவைக்கலாம், குளிக்கலாம். இஹ்ராமில் வாசனை கூடாது, முடியோ நகமோ நீக்கக்கூடாது. பெரியவரைப் படுத்தியது சின்னச் சின்ன விஷயங்கள். விமானத்தில் கொடுத்த ஈரத்தாளில் வாசனை. குளியலறையில் வைத்திருந்த சோப்பில் வாசனை. அறையைத் துடைக்க வருகிறவர் எதையோ தெளித்துவிட்டுப் போனால் இவர் வராந்தாவில் போய் நிற்பார். தலை அரித்தால் விரல் நுனியால் மெல்லத் தட்டுவார், முடி உதிர்ந்துவிடுமோ என்ற பயம். பத்தாம் நாள் வாக்கில் கால் கட்டைவிரல் நகம் வளர்ந்து செருப்பின் வாரில் இடிக்கத் தொடங்கியது. வெட்டக்கூடாது. ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். தொடை உரசல் வேறு. அதற்கு வாசனையில்லாத வாஸ்லின் போதும், ஆனால் அது கையில் இருக்க வேண்டுமே!

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடக்கூடாது, குடை பிடிக்கலாம். ஒவ்வொரு தொழுகைக்கும் ஹரமுக்குப் போய்வர நான் தொப்பியும் துண்டுமாக நடந்தேன். அவர் ஒரு கையில் குடை, மறு கையில் நழுவும் மேல்துண்டு.

தவறினால் வழி இல்லாமலில்லை. மக்காவுக்கு அருகே ஹுதைபியாவில், இஹ்ராமில் இருந்த நபித்தோழர் கஅப் பின் உஜ்ரா (ரலி) அவர்களின் தலையிலிருந்து பேன் முகத்தில் உதிர்ந்தபோது, தலையை மழிக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள் பரிகாரமும் சொன்னார்கள்: 3 நோன்பு, அல்லது 6 ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆடு. ஆனால் 20 நாளும் ஒவ்வொரு முடிக்கும் மனம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பது தனிக் களைப்பு. கணவன் மனைவியாக வந்தவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, விளக்க வேண்டியதில்லை.

இறுதி ஹஜ்ஜில் நபி (ஸல்) அவர்கள் பலிப்பிராணி கொண்டு வந்திருந்ததால் இஹ்ராமைக் களையவில்லை. கொண்டு வராத தோழர்களை உம்ராவாக மாற்றி, இஹ்ராமைக் களைந்துகொள்ளச் சொன்னார்கள்; அதாவது தமத்துஃ. முன்பே தெரிந்திருந்தால் நானும் கொண்டு வந்திருக்கமாட்டேன் என்றார்கள். எனக்கு மனம் அமைந்தது இதில்தான்.

சரி, கிரான் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 10ஆம் நாளுக்குப் பிறகு எனக்குத் தவாஃபோடு மறுபடி ஸஃயும் பாக்கி. ஸஃபா, மர்வாவுக்கிடையே 7 நடை, கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர், அதுவும் மினாவில் நடந்து கால் வீங்கியிருக்கும் நேரத்தில். கிரான், இஃப்ராத்காரர்கள் வந்ததும் செய்யும் தவாஃபோடு ஸஃயை முடித்துக்கொள்ளலாம். (ஹனஃபி முறையில் கிரானுக்கும் இரண்டு ஸஃயு.)

பெண்களுக்கு ஒரு வார்த்தை. தமத்துஃ நிய்யத்தோடு வந்து, உம்ரா தவாஃபுக்கு முன் மாதவிடாய் வந்து, அரஃபா நாளுக்குள் சுத்தமாகவில்லையென்றால் பதற வேண்டாம். மக்காவுக்கு அருகே ஸரிஃபில் நபி (ஸல்) அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுக்கு இதுவே நடந்தது. ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டச் சொல்லப்பட்டது. பெரும்பாலான அறிஞர்கள் அதைக் கிரான் என்றே எடுக்கிறார்கள். ஹனஃபி சட்டம் வேறு, அதனால் உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞர்) புறப்படும் முன்பே கேட்டுவையுங்கள்.

துல்ஹஜ் 6, 7இல் வந்து இறங்குகிறவராக இருந்தால் நான் சொன்னதில் முக்கால்வாசி பொருந்தாது. மூன்று, நான்கு நாள் இஹ்ராம் யாரும் தாங்குவார். அப்படி ஒரு பயணம் எனக்கு வாய்த்தால் கிரானையே யோசிப்பேன்.

10ஆம் நாள் மினாவில் கல்லெறியும் கடமையை முடித்து, குர்பானி முடிந்த செய்தி வந்து, மொட்டையும் போட்டு இஹ்ராமிலிருந்து வெளியே வந்தபின், பெரியவர் முதலில் தேடியது சாப்பாட்டை அல்ல, என் நகவெட்டியை.