பார்டர் கோலியுடன் ஐந்து வருடம்

பார்டர் கோலி இன நாய் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் எல்லோரும் அடுத்ததாக, "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும்?" என்றுதான் கேட்கிறார்கள். ஐந்து வருடத்துக்கும் மேலாக ஒன்றை வளர்த்துவருகிறேன். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இதுதான்: அதைச் சும்மா படுக்கப் பழக்க உங்கள் வீட்டில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? எங்கள் நாய் மணியோடு வாழ்ந்ததில் கிடைத்த சந்தோஷம், பட்ட கஷ்டம் எல்லாமே கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

இந்த இனம் எதற்காக உருவானது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் உள்ள எல்லைப் பகுதியின் மலைச்சரிவுகளில் ஆடு மேய்த்த நாய்கள் இவை. 1893இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாய் அதிகம் சத்தம் போடாமல், பார்வையாலேயே ஆடுகளை நகர்த்துமாம். இன்றைய பார்டர் கோலிகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் வம்சமும் அதனிடம்தான் போய்ச் சேர்கிறது. மேய்ப்பர்கள் அழகைப் பார்த்து இனம் சேர்க்கவில்லை, வேலையைப் பார்த்துச் சேர்த்தார்கள். 1995இல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கக் கென்னல் கிளப் இந்த இனத்தை அங்கீகரித்தபோது வேலை நாய் வளர்ப்பவர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். தோற்றத்துக்காக வளர்க்க ஆரம்பித்தால் வேலைத்திறன் போய்விடும் என்பது அவர்கள் பயம்.

ஓநாய் வேட்டையாடும்போது பார்க்கும், பதுங்கும், துரத்தும், கடிக்கும், கொல்லும். மேய்ப்பு நாயிடம் முதல் மூன்றைக் கூர்தீட்டி, கடைசி இரண்டை அடக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். குழந்தைகள் ஹாலில் ஓட ஆரம்பித்தால் மணியின் தலை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்கும். ஒரு முன்னங்கால் தூக்கியபடி அந்தரத்தில் நிற்கும். வால் தொங்கிவிடும், கண் இமைக்காது. பிறகு ஓசையே இல்லாமல் ஒரு பெரிய வட்டம் போட்டு, பிள்ளைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கிக் கொண்டுபோவான். ஒருவர் தப்பி ஓடினால் குதிகாலில் லேசாகப் பல் படும். கோபமெல்லாம் இல்லை. அவன் ரத்தத்தில் ஊறிய வேலையைச் செய்கிறான், அவ்வளவுதான். ஆனால் சின்னக் குழந்தைக்கு அது வலிக்கும், பயமும் வரும். அதனால் நாங்கள் இரண்டு பக்கமும் பழக்கினோம். அவன் வட்டம் போடத் தொடங்கினால் பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்தி அப்படியே நின்றுவிடுவார்கள், பெரியவர் ஒருவர் அவனைக் கூப்பிட்டு அவன் படுக்கைக்கு அனுப்புவார். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் சின்னப் பிள்ளைகளையும் அவனையும் தனியாக விடுவதில்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

துடைப்பமும் அவனுக்கு ஒரு ஆடுதான். சைக்கிள், பைக், கார் எல்லாமே ஆடுதான். வண்டியைத் துரத்தி உயிரை விட்ட பார்டர் கோலிகள் நிறைய. தெருவில் கயிறு இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடக்கூடாது, எவ்வளவு சொல்பேச்சு கேட்கும் நாயாக இருந்தாலும் சரி.

இப்போது ஓய்வு விஷயத்துக்கு வருகிறேன். "நன்றாக ஓடவிட்டால் களைத்துத் தூங்கிவிடும்" என்ற அறிவுரை இந்த இனத்துக்குப் பொருந்தாது. இன்று ஒரு மணி நேரம் ஓடினால், அடுத்த மாதம் இரண்டு மணி நேரம் ஓடத் தெம்பு வந்துவிடும். ஓட்டப்பந்தய வீரனுக்குப் பயிற்சி கொடுப்பது போலத்தான் அது. பந்தை ஓயாமல் வீசுவது இன்னும் மோசம். திடீர் திடீரென்று நின்று திரும்புவதில் மூட்டு தேயும், பந்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவுமே கண்ணில் படாத நிலைக்கும் நாய் போய்விடும். லேசர் விளக்கு காட்டி விளையாடவே விளையாடாதீர்கள். அப்புறம் சுவரில் தெரியும் வெளிச்சத்தையும் நிழலையும் நாள் முழுக்கத் துரத்தும் நோயாக அது மாறலாம், மீட்பது பெரும்பாடு.

குட்டிக்கு ஒரு நாளில் பதினெட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இந்த இனக் குட்டி தானாகப் போய்த் தூங்காது. தூக்கம் கெட்டதும் கண்டதையும் கடிக்கும், பேய் பிடித்தது போல ஓடும். அதைப் பார்த்து "இன்னும் விளையாட்டு வேண்டும் போல" என்று நினைத்து மறுபடி வெளியே கூட்டிப்போகிறவர்கள் பலர். நாங்கள் ஆரம்பத்திலிருந்தே அவனுக்கென்று ஒரு மெத்தை போட்டு, அதில் படுத்தால் மட்டும் தீனித் துண்டு கொடுத்துப் பழக்கினோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாய் முன்னங்கால்களை நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தால் அது ஓய்வு இல்லை, எந்த நொடியும் பாயத் தயார் என்று அர்த்தம். இடுப்பு ஒரு பக்கம் சாய வேண்டும், மோவாய் தரையைத் தொட வேண்டும், மூச்சு நீள வேண்டும். அந்த நேரம் பார்த்து, பாராட்டு எதுவும் சொல்லாமல், துண்டைக் கால்களுக்கு நடுவில் மெதுவாக வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வாய்விட்டுப் பாராட்டினால் எழுந்துவிடும். மாதக்கணக்கில் செய்தோம். இன்று நான் வேலை செய்யும்போது மேசைக்கடியில் மணிக்கணக்கில் தூங்குகிறான் என்றால், எந்த மைதானத்தையும்விட அந்த மெத்தைக்குத்தான் நான் நன்றி சொல்வேன்.

மூளைக்கு வேலை தருவது இன்னொரு தூண். சேஸர் என்ற பார்டர் கோலிக்கு அதன் உரிமையாளரான உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி 1022 பொருட்களின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தார், 2011இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. மணிக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் பிள்ளைகள் பெயர் சொல்லும் பொம்மையை அறை அறையாகத் தேடி எடுத்துவருவான். தப்பான பொம்மையைக் கவ்விவிட்டு, தயங்கி, கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் போகும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! காலையில் அவசரமில்லாமல் மோப்பம் பிடித்தபடி நீண்ட நடை, மாலையில் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் தேடல் விளையாட்டு. எங்களுக்கு இது போதுமாக இருக்கிறது.

எட்டு மாதம் முதல் இரண்டு வயது வரை கடினமான காலம். படித்ததெல்லாம் மறந்ததுபோல நடக்கும், சத்தங்களுக்குப் புதிதாகப் பயப்படும். இடி என்றால் மணி இன்னமும் நடுங்குவான்.

முடி கொட்டும், நிறையவே. இரட்டை அடுக்கு ரோமம் என்பதால் வெயில் காலத்தில் மழித்துவிடத் தோன்றும். மழிக்காதீர்கள், அந்த ரோமம்தான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. சீப்பால் உள்முடியை எடுத்தாலே போதும். வெயில் ஏறிய பிறகு ஓடவிடக் கூடாது. தனக்கு முடியவில்லை என்று இந்த நாய் நிற்காது, நாம்தான் நிறுத்த வேண்டும்.

குட்டி எடுப்பதற்கு முன் தாய் தகப்பனின் இடுப்பு எலும்புப் பரிசோதனையையும் கண் பரிசோதனையையும் கேளுங்கள். மெர்ல் என்ற புள்ளி நிறத்துக்கு ஆசைப்பட்டு இரண்டு மெர்ல் நாய்களை இணை சேர்க்கும் இடத்தில் வாங்கவே வாங்காதீர்கள். அதில் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு இரண்டு பக்க மரபணுவும் சேரும், அப்படிப்பட்டவை காது கேளாமலோ பார்வை இல்லாமலோ பிறப்பது அதிகம். எம்டிஆர்1 என்ற மரபணுக் கோளாறு கோலி வகைகளில் உண்டு. பார்டர் கோலியில் குறைவு, ஆனால் இருக்கிறது. அது உள்ள நாய்க்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து அதிக அளவில் போனால் உயிருக்கே ஆபத்து. பரிசோதனை செய்து மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டில் எல்லோரும் காலையில் கிளம்பி இரவு திரும்புகிற குடும்பம் என்றால் குட்டி வேண்டாம் என்பேன். அப்படியும் இந்த இனம்தான் வேண்டும் என்றால், இரண்டு மூன்று வயதான ஒன்றைத் தத்தெடுங்கள். அதற்குள் அதன் குணம் தெரிந்திருக்கும். குழந்தைகளோடும் வண்டிகளோடும் எப்படி நடந்துகொள்கிறது என்று சில நாள் கூடவே இருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.