ஆறு மாரி கண்ட 96 பேர்

2019 பங்குனியில்தான் முதல் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு அடித்தேன். உயரம் 28 மில்லிமீற்றர். வெள்ளீயக் கலவையில் வார்த்த உருவம். இன்று அலுமாரியில் 96 பேர் நிற்கிறார்கள். வெளிநாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் எழுதுவதெல்லாம் குளிர் நாட்டு வீட்டுக்குள் இருந்து எழுதுவது. மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்துகொண்டு இதைச் செய்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பட்டுத்தான் தெரிந்தது. அதனால் இந்தப் பகிர்வு.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசையில் சின்னக் காடும் ஆறும் குன்றும் வைத்து, இரண்டு பக்கமும் படை உருவங்களை நிறுத்தி, அடிமட்டத்தால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டிப் பழைய சண்டைகளை விளையாடுவது. சதுரங்கத்துக்குத் தூரத்துச் சொந்தம். என்னோடு விளையாட அக்காவின் மகன் இருக்கிறான். அவன் எப்போதும் கண்டிப் பக்கம். பெரும்பாலும் வெல்வதும் அவன்தான்.

நான் எடுத்துக்கொண்ட சண்டை நம்ம ஊரிலிருந்தே புறப்பட்டது. புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் பிடித்ததும், 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1804இல் கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் ஏறத்தாழ 300 பேரோடு இங்கிருந்து கண்டிக்கு நடந்தார் என்பது எனக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரியும். ஆளுநர் பிரெடரிக் நோர்த் காலம். முந்தைய வருடம்தான் மேஜர் டேவியின் ஆங்கிலேயப் படை கண்டியில் அழிந்திருந்தது. பல திசைகளிலிருந்தும் படைகள் ஒரே நேரத்தில் கண்டியில் சேர்வதாகத்தான் முதலில் திட்டம். அது கைவிடப்பட்டது, ஆனால் ஜோன்ஸ்டனுக்குப் போன கட்டளை குழப்பமாக இருந்தது. புரட்டாதியில் இங்கிருந்து கிளம்பி ஐப்பசியில் கண்டிக்குள் போய் நின்றால் வேறு ஒரு படையையும் காணோம். திரும்பிச் சண்டை போட்டுக்கொண்டே திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போன மனிதரே பிறகு அதை எழுதி 1810இல் இலண்டனில் அச்சேற்றினார். ஒரு மேசைச் சண்டைக்கு இதைவிட நல்ல கதை வேண்டுமா?

ஆகவே என் 96 பேரில் 24 பேர் ஆங்கிலேயரின் 19ஆம் காலாட்படை. இன்னொரு 24 பேர் மலாய் வீரர்களும் சிப்பாய்களும். மிச்சம் 48 பேர் கண்டியர்; அதில் இரண்டு கொடித்துவக்கு (கண்டியரின் சின்னப் பீரங்கி) குழுக்கள் உண்டு. கண்டியருக்கென்று செய்த உருவங்கள் நான் தேடிய நேரம் கிடைக்கவில்லை. இந்திய நாட்டுப்புறத் துவக்குக்காரர்களாக விற்றதை வாங்கி, தலைப்பாகையை அரத்தால் ராவிக் கொண்டை வைத்தேன். இரண்டு களியைப் பிசைந்து சேர்க்கும் எபொக்சி இருக்கிறதே, அதுதான் கொண்டைக்கு.

வர்ணத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. வலெஹோ என்ற கம்பனியின் 17 மில்லிலீற்றர்ச் சொட்டுப் போத்தல்கள் ஆறு வருடம் கழித்தும் உள்ளே இளகியே இருக்கின்றன. மூக்கு மட்டும் அடைக்கும், குண்டூசியால் குத்த வேண்டும். திறந்த வாய்ச் சாடிகளில் வாங்கிய நான்கும் இரண்டாம் வருடமே தோலாகி இறுகிவிட்டன. 2022இல் டொலர் இல்லாத காலம், பார்சல் பற்றி நினைக்கவே முடியாது. அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் அக்ரிலிக் ரியூப்பை வைத்து ஒப்பேற்றினேன். வெள்ளையும் கறுப்பும் பரவாயில்லை. சிவப்பு மட்டும் ஐந்து பூச்சுக்குப் பிறகும் அடி தெரிந்தது. சிவப்பைக் கறுப்பு அடிப்பூச்சின் மேல் அடிக்கவே கூடாது என்பது அப்போதுதான் விளங்கியது. செங்கபிலம் ஒரு பூச்சு, அதன் மேல் சிவப்பு, மடிப்பின் மேட்டில் கொஞ்சம் செம்மஞ்சள் கலந்த சிவப்பு. வெள்ளை கலந்தால் கோட்டு றோஸ் நிறமாகிக் கல்யாண வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி ஆகிவிடும். 19ஆம் படைக்குக் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் பச்சை. சிவப்புக்கு நடுவே அந்தப் பச்சைக் கீற்று விழுந்தவுடன் உருவம் எழும்பி நிற்கும்.

உடம்பு நிறம் வேறு கதை. 'சதை நிறம்' என்று விற்கிற போத்தல் எல்லாம் வெள்ளைக்காரன் சதை. கபில நிறப் போத்தலை எடுத்து, வெளிச்சம் படும் இடத்துக்கு வெள்ளை கலந்து அடித்தேன். சாம்பல் பூசிய மாதிரி, நோயாளி மாதிரி வந்தது. ஒரு நாள் வெயிலில் என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேட்டில் தெரிவது வெள்ளை இல்லை, மஞ்சளும் செம்மையும். அன்றிலிருந்து கடுங்கபிலத்தில் ஒரு துளி சிவப்பு, மேட்டுக்குக் காவி மஞ்சள். நான்கு கலவை வைத்து மாற்றி மாற்றி அடித்தால்தான் கூட்டம் உண்மையான கூட்டமாகத் தெரியும். இந்த 48 பேரும்தான் என் கை வேலையில் சிறந்தது.

சரி, காற்றுக்கு வருவோம். வைகாசி தொடக்கம் கச்சான் அடிக்கும் (கொறிக்கிற கச்சான் இல்லை, மேற்கே இருந்து வரும் சூடு). அந்த நாட்களில் தூரிகை நுனியிலேயே வர்ணம் காய்ந்துவிடும். கண்ணில் புள்ளி வைக்கப் போனால் கண் இருக்காது. சோற்றுப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு, அதன் மேல் கேக் சுடும் தாள், அதில் வர்ணம் என்று ஒரு ஈரத் தட்டு செய்துகொண்டேன். காசு கொடுத்து வாங்க வேண்டாம். மூன்றாம் நாள் நாறத் தொடங்கும், தண்ணீரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

மாரியில் நேர் எதிர். கார்த்திகையில் ஒரு பின்னேரம், மழை விட்ட இடைவெளியில், மினுக்கம் இல்லாத வார்னிஷை ஸ்பிரே பண்ணினேன். பன்னிரண்டு மலாய் வீரர்களும் கண்ணெதிரே வெண்பனி மூடின மாதிரி வெளுத்தார்கள். காற்றில் இருந்த ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்ட வேலை. மினுக்க வார்னிஷைத் தூரிகையால் மேலே பூசியதில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். மூன்று பேரை உரித்து மறுபடி அடித்தேன். இப்போது ஸ்பிரே என்றால் பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில்தான், அதுவும் காலை பத்து மணிக்குப் பிறகு. மாரியில் வார்னிஷ் வேண்டுமென்றால் தூரிகை. சுப்பர் குளூவும் ஈரத்தில் சுற்றிவர வெள்ளை படியும்; உருவத்தை வர்ணம் அடிக்க முன்னரே ஒட்டிவிடுவது புத்தி.

ஆனால் ஆறு வருடத்தில் என்னை உண்மையில் அலைக்கழித்தது உருவத்தை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டுத்தான். வர்ணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் இதை இரண்டு வரியில் முடிப்பது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஹாட்வெயார்க் கடையில் 25 மில்லிமீற்றர் இரும்பு வொஷர் மலிவு. பாரமாக நிற்கும், பெட்டிக்கடியில் காந்தத் தாள் ஒட்டினால் மோட்டர்சைக்கிளில் கொண்டுபோனாலும் விழாது. நல்ல யோசனை என்று 60 வாங்கினேன். தச்சர் பாவிக்கும் வெள்ளைக் கம்மைப் பூசி, கல்லடிக் கடற்கரை மண்ணைத் தூவினேன். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை, இலவச மண், வேறென்ன வேண்டும்? மூன்றாம் மாதம் மண்ணுக்குள்ளிருந்து செம்பட்டையாகத் துரு கசிந்தது. கம்மில் தண்ணீர், மண்ணில் உப்பு, அடியில் வெறும் இரும்பு. துருப் பிடிக்காமல் என்ன செய்யும்? முதலில் மண்ணின் நிறம் மாறியது, பிறகு தோல் தோலாகக் கழன்றது. மேலே வர்ணம் அப்படியே புதிதாக இருக்கிறது, காலடி மட்டும் சொறி பிடித்த மாதிரி.

உப்பைக் கழுவிவிட்டு மறுபடி செய்யலாம் என்று மண்ணை மூன்று தண்ணீரில் அலசி, பழைய தாச்சியில் வறுத்து, மா அரிதட்டில் அரித்தேன். (அரிதட்டு யாருடையது என்று கேட்காதீர்கள். புதிது வாங்கிக் கொடுத்துவிட்டேன்.) அரிக்காவிட்டால் இன்னொரு கரைச்சல்: இந்த உருவத்துக்குப் பக்கத்தில் 4 மில்லிமீற்றர்ச் சிப்பித் துண்டு கிடந்தால், அது அவன் அளவில் ஒரு சாண் அகலம். அதையும் செய்து முடித்து, 24 பேரை மேசையில் நிறுத்திப் பார்த்தேன். எல்லோரும் கடற்கரையில் காற்று வாங்க வந்த மாதிரி நின்றார்கள். ஜோன்ஸ்டனின் ஆட்கள் நடந்தது வயல் தாண்டி, பிந்தனைக் காட்டுக்குள்ளால். வெள்ளை மணல் அங்கே எங்கே?

மறுபடி உரித்தேன். இது மூன்றாம் முயற்சி. இந்த முறை வொஷரின் இரண்டு பக்கமும் துருத் தடுப்புப் பெயின்ற், உருவத்தை ஒட்ட எபொக்சி. மண்ணுக்கு உன்னிச்சைப் பக்கம் போனபோது ஒரு பையில் அள்ளி வந்த புற்றுமண். அரித்துத் தூவினால் மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் கல். அதன் மேல் கடுங்கபிலம், உலர்ந்த தூரிகையால் காவி நிறம் இரண்டு தேய்ப்பு. புல்லுக்குத் தும்பு. தும்புத்தடியில் உதிர்வதே போதும்: கத்தரித்து, கொத்தாகக் கம்மில் நட்டு, அடியில் கொஞ்சம் பச்சை, நுனியை அப்படியே விட்டால் வெயிலில் காய்ந்த இலுக்கம்புல் தோற்றுப்போகும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் புல் கொத்து எனக்கு இனி வேண்டாம்.

காட்டுச் சருகுக்குத் தேநீர் வடித்த தேயிலைத் தூள். பார்ப்பதற்கு அச்சு அசல். ஆனால் இரண்டாவது மாரியில் கண்டியர் காலடியில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது. வெயிலில் காய வைத்தது போதவில்லை. இப்போது தாச்சியில் மொறுமொறுவென்று வறுத்துத் தூவி, தண்ணீர் கலந்த கம்மை மேலே சொட்டி மூடிவிடுகிறேன். மூன்று மாரி போய்விட்டது, பூஞ்சணம் இல்லை. ஒரு பல்லி மட்டும் கொடித்துவக்குக்குப் பின்னால் முட்டை இட்டிருந்தது.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தா. தொடக்கத்தில், "உண்மைச் சண்டை பார்த்தது காணாதா மனே?" என்று ஒரே ஒரு முறை கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அவவே பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்காரத் தொடங்கினா. "இவனுக்கு ஏன் சப்பாத்து இல்ல?" என்பா. "சிப்பாய்க்குச் செருப்புத்தான் அம்மா" என்பேன். போன தையில், எல்லோரும் புது மண்ணில் நின்ற முதல் நாள், வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டா: "இவ்வளவு பேருக்கும் அரிசி மூட்டைய ஆரு சுமந்த?"

ஆறு வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. விற்கிற பெட்டிகளில் சுமைகாரர் பொதுவாக வருவதில்லை, வருபவர்களும் ஆபிரிக்கப் பயணக் கதைகளுக்குச் செய்தவர்கள். கண்டியருக்கு வாங்கியதில் மிஞ்சிய 11 உருவங்களின் துவக்கை வெட்டி எடுத்தேன். எபொக்சியில் மூட்டை, தென்னை ஈர்க்கில் காவுதடி. இருவருக்கு நோயாளியைத் தூக்கும் டோலி. அதன் மூங்கிலும் ஈர்க்குத்தான், சீலை கம்மில் தோய்த்த ரிஷு. மேசை விதியிலும் ஒரு மாற்றம் செய்தோம்: சுமைகாரர் ஓடிப்போனால் படை அரைத் தூரம்தான் நகரும். மருமகன் இப்போது சிப்பாயை விட்டுவிட்டு முதலில் இவர்களைத்தான் துரத்துகிறான்.

உடம்பு நிறம் முடிந்தது, வேட்டியும் முடிந்தது. அடித்தட்டுக்குப் புற்றுமண் தூவியாயிற்று. வார்னிஷ் மட்டும் பாக்கி. இரண்டு நாளாக வானம் மூடியே கிடக்கிறது. 11 பேரும் மூடிய ரின்னுக்குள் வெயிலுக்குக் காத்திருக்கிறார்கள்.