கொழுப்பு காட்டும் வெயிட் மெஷின்: கட் எப்போது என்று அதனிடம் கேட்காதீர்கள்

நாலு ஸ்டீல் பட்டை பதித்த கண்ணாடி வெயிட் மெஷின் இப்போது விலை இறங்கி இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கம் ஜிம்முக்குப் போகிற பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். வாங்கிய ஒரு வாரத்தில் அவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: “மச்சான், கொழுப்பு 22 சதவீதம் காட்டுது. இப்பவே கட் ஆரம்பிச்சிடவா, இல்ல இன்னும் கொஞ்சம் உடம்பு ஏத்திட்டு அப்புறம் இறக்கவா?” கட் என்றால் சாப்பாட்டைக் குறைத்துக் கொழுப்பை இறக்கும் காலம், பல்க் என்றால் கூடுதலாகச் சாப்பிட்டு உடம்பை ஏற்றும் காலம். இந்த மெஷினைப் பல பல்க், பல கட் முழுக்கப் பயன்படுத்தியதை வைத்துச் சொல்கிறேன். மெஷின் நல்ல மெஷின். அந்த 22 மட்டும் முடிவெடுக்க உதவாத எண்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எடை பார்ப்பதில் இது அருமை. காலையில் கழிப்பறை போய்விட்டு, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் ஏறி நின்றால் 100 கிராம் வரை ஒழுங்காகக் காட்டுகிறது. ஆப் தானாகவே தேதியோடு குறித்துக்கொள்கிறது. ஏழு நாள் சராசரியை வரைபடத்தில் பார்க்கலாம். உடம்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு அந்தச் சராசரிதான் ஆதாரம். ஒரு நாள் எடைக்கு மதிப்பே இல்லை. ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் மறுநாள் காலை ஒரு கிலோ வரை கூடலாம். உப்பு பிடித்து வைத்த தண்ணீர் அது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சகஜம் என்பதால், இந்தச் சுழற்சியின் முதல் வாரத்தைப் போன சுழற்சியின் முதல் வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

மெஷினை வைக்கும் தரையும் முக்கியம். கீழே நாலு மூலையிலும் எடை உணரும் கால்கள் உண்டு. ஒன்று சரியாகப் பதியாவிட்டாலும் அளவு கெடும். பழைய வீடுகளில் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவு வைத்த முற்றத்திலும், பாய் மேலேயும் வைக்காதீர்கள். ஹாலில் ஒரே டைல்ஸில், ஒரே திசையில் வையுங்கள். இடம் மாற்றினால் ஒருமுறை காலால் தட்டி, பூஜ்யம் காட்டி அணைந்த பிறகு ஏறுங்கள். இன்னொரு விஷயம்: சில மெஷின்கள் அடுத்தடுத்து ஏறினால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும், நாமும் ‘துல்லியம்’ என்று நம்பிவிடுவோம். சோதிக்க, இறங்கி ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறுங்கள். எடை அசையவில்லை என்றால் அது பழைய எண். நடுவில் ஓர் அரிசிப் பையை வைத்து எடுத்தால் அது மறந்துவிடும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். கொழுப்பை இந்த மெஷின் அளப்பதே இல்லை. ஒரு பாதத்தின் வழியாக நமக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, மற்றப் பாதத்தில் எவ்வளவு தடையோடு வந்து சேர்கிறது என்று மட்டும் பார்க்கிறது. தண்ணீர் அதிகமுள்ள தசை மின்சாரத்தை எளிதில் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. தடையிலிருந்து உடம்பிலுள்ள தண்ணீரை மதிப்பிடுகிறது. கொழுப்பில்லாத பகுதியில் சுமார் 73% தண்ணீர் என்று வைத்துக்கொண்டு அந்தப் பகுதியின் எடையைக் கணக்கிடுகிறது. மொத்த எடையில் அதைக் கழித்து மிச்சத்தைக் கொழுப்பு என்கிறது. இதில் உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதும் சேர்கிறது.

மின்னோட்டம் போகிற வழியைப் பாருங்கள்: ஒரு கால், இடுப்பு, அடுத்த கால். வயிற்றின் மேல்பகுதிக்கோ மார்புக்கோ கைக்கோ அது பெரும்பாலும் போவதில்லை. அங்கே இருப்பதெல்லாம் ஊகம். கால் ஒல்லி, கை ஒல்லி, வயிறு மட்டும் தள்ளியிருக்கிற உடல்வாகு நம்மிடையே எவ்வளவு அதிகம்! எந்த இடத்தைப் பார்த்து கட் முடிவெடுக்க வேண்டுமோ, அந்த இடத்தை மட்டும் மெஷின் தொடாமல் விட்டுவிடுகிறது. கூடவே வரும் ‘விசரல் ஃபேட் 9’ (வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பு), ‘உடல் வயது 38’ எல்லாம் அதே ஊகத்திலிருந்து கிளைத்த எண்கள்.

தண்ணீரை வைத்துக் கணக்குப் போடுவதால், தண்ணீர் மாறினால் ‘கொழுப்பு’ மாறிவிடும். சித்திரை வெயிலில் ராத்திரியெல்லாம் வியர்த்து, உடம்பு வறண்டு எழுந்தால் தடை கூடும், கொழுப்பு ஏறியதாகக் காட்டும். குதிகால் வெடித்துக் காய்ந்திருந்தாலும் அப்படியே. அளவெடுப்பதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால், எடை ஒரு கிலோ கூடும், கால் வழித் தடையோ அசையாது; அந்தக் கிலோவில் பெரும்பகுதியைக் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும். தகரக் கூரை ஜிம்மில் ஸ்குவாட் முடித்துவிட்டு ஏறினால் கதை வேறு: காலில் ரத்த ஓட்டமும் சூடும் கூடியதால் தடை குறையும், வியர்த்து இழந்த தண்ணீரால் கூடும். எது ஜெயிக்கிறதோ அந்த எண் வரும்.

இரண்டு நாள் இடைவெளியில் 19-லிருந்து 22-க்குப் போனதாகப் பதறுகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ ஆளுக்கு 3% என்றால் 2.1 கிலோ கொழுப்பு. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். ஆக, தேவைக்கு மேல் 16,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். செகண்ட் லைன் பீச் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் அது நடக்காது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது, பல்க்கின்போது இது பாராட்டுவதும் கட்டின்போது பயமுறுத்துவதும். உடம்பு ஏற்றத் தொடங்கிச் சோறு கூடும்போது தசைக்குள் கிளைக்கோஜன் (மாவுச்சத்தின் சேமிப்பு) நிரம்பும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும். ஜிம்மில் பலர் எடுக்கும் கிரியேட்டின் பொடியைத் தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தால் அதுவும் தசைக்குள் தண்ணீர் சேர்க்கும். மெஷின் அத்தனையையும் ‘தசை கூடியது’ என்று பச்சை அம்பு போட்டுக் காட்டும். பிறகு கட் தொடங்கி, சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் அதே தண்ணீர் ஒன்றரை கிலோ இறங்கும். இப்போது சிவப்பு அம்பு: தசை போச்சு, கொழுப்பு சதவீதம் அப்படியே இருக்கிறது அல்லது கூடிவிட்டது. அதைப் பார்த்துப் பயந்து இரண்டாவது வாரமே ‘கட்’டைக் கைவிடுகிறார்கள். திரும்பச் சாப்பிட்டதும் பச்சை அம்பு வருகிறது, நிம்மதி. மூன்று மாதம் கழித்து 22 என்று பார்த்து மறுபடி கட். இப்படி வருஷம் முழுக்க மேலும் கீழும் போய், ஸ்குவாட்டும் ஏறாமல் தொப்பையும் இறங்காமல் நிற்கிற நல்ல உழைப்பாளிகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. உழைப்பில் குறையே இல்லை, தப்பான எண்ணைப் பார்த்துத் திசை மாறிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆப் அமைப்பிலும் ஒரு வேலை இருக்கிறது. ‘அத்லெட் மோடு’ போட்டால் சூத்திரமே மாறி, ஒரே உடம்புக்குக் கொழுப்பு பல புள்ளி குறைந்து வரும். பிறந்தநாள் தாண்டி வயது ஒன்று கூடினாலும் எண் நகரலாம். உயரத்தைத் தப்பாகப் போட்டிருந்தால் ஆரம்பத்திலிருந்தே கோணல்தான்.

நியாயமாகவும் பேச வேண்டும். தினமும் ஒரே நேரம், ஒரே நிலைமை, ஈரத்துணியால் துடைத்த பாதம் என்று ஒழுங்காகப் பார்த்து, மாதச் சராசரியை மாதச் சராசரியோடு ஒப்பிட்டால், கொழுப்புக் கோடு போகும் திசை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. கைப்பிடியும் சேர்ந்து வரும் பெரிய மெஷின்கள் உடம்பின் மேல்பகுதியையும் அளக்கின்றன. ஸ்கேன் சென்டரில் எக்ஸ்-ரே வழியாகக் கொழுப்பை அளக்கும் டெக்ஸாவிலும் ஓரிரு புள்ளி பிழை உண்டு. ஆகவே ‘20% தாண்டினால் கட், 12% வந்தால் பல்க்’ என்ற கோட்டை வீட்டு மெஷினை வைத்து இழுப்பதுதான் தப்பு. இதய பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இந்த மின்னோட்ட அளவை எடுக்கவே கூடாது.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவெடுப்பது? தையற்கடை டேப். துணி டேப் நாளாக நாளாக இழுபட்டு நீளும் என்பதால் ஸ்டீல் ஸ்கேலோடு வைத்து ஒருமுறை சரிபாருங்கள். காலையில் எடை பார்த்த கையோடு தொப்புள் மட்டத்தில், தரைக்கு இணையாகச் சுற்றி, வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். மூன்று தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். வாரம் ஒருநாள் போதும். இடுப்புச் சுற்று உயரத்தில் பாதியைத் தாண்டினால் கட் நேரம் வந்துவிட்டது: 170 செ.மீ. உயரத்துக்கு 85. தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பது மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கைக் கோடு. பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 23-க்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் அளந்து பார்க்க வேண்டும். ஒரே பிஎம்ஐயில் வெள்ளைக்காரர்களைவிட நமக்குக் கொழுப்பு கூடுதலாக இருப்பது தெரிந்த விஷயம்.

புதிதாக ஜிம் சேர்ந்தவர்களும் ரொம்ப நாள் விட்டுவிட்டுத் திரும்ப வந்தவர்களும் பல்க்கா கட்டா என்று குழம்பவே வேண்டாம். தொப்பை பெரிதாக இருந்தால் லேசாகக் குறைத்து, இல்லையென்றால் தேவையான அளவே சாப்பிட்டு, புரோட்டீனை உயர்த்தி, வாரம் மூன்று நாள் ஸ்குவாட், பென்ச், டெட்லிஃப்ட், புல்-அப் என்று எடையைப் படிப்படியாக ஏற்றினால், கொழுப்பு குறைவதும் தசை சேர்வதும் சேர்ந்தே நடக்கும். அப்போது எடை அசையாது, இடுப்பு சுருங்கும், பாரில் தட்டு கூடும், அதாவது தூக்கும் எடை ஏறும். மூன்றும் சேர்ந்து வந்தால் எதையும் மாற்றாதீர்கள்.

பல்க்கில் இருப்பவர்களுக்கு வாரம் உடல் எடையில் 0.25 முதல் 0.5% ஏறினால் போதும். 70 கிலோவுக்கு 175 முதல் 350 கிராம். எடையும் இடுப்பும் ஏறுகின்றன, பாரில் மட்டும் ஒரு மாதமாக எதுவும் ஏறவில்லை என்றால், மிச்சச் சாப்பாடு எங்கே போகிறது என்பது தெளிவு. முதலில் தூக்கத்தையும் பயிற்சித் திட்டத்தையும் சரிபாருங்கள்; அவை சரியென்றால் பல்க்கை நிறுத்துங்கள். இடுப்பு உயரத்தின் பாதியைத் தொட்டால், பார் ஏறினாலும் நிறுத்துங்கள்.

கட்டின்போது நிதானமான வேகம்தான் தசையைக் காப்பாற்றும். வாரம் 0.5 முதல் 0.7%, அதாவது 350 முதல் 500 கிராம். தினம் 300 முதல் 500 கலோரி குறைத்தால் அந்த வேகம் வரும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. வறுத்த மீனைக் குழம்பு மீனாக மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. முதல் வாரத்து இறக்கத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது தண்ணீர். பாரில் எடையைக் குறைக்கவும் வேண்டாம். களைப்பாக இருந்தால் செட் எண்ணிக்கையில் மூன்றில் ஒன்றைக் குறையுங்கள். நன்றாகத் தூங்கியும் எல்லா லிஃப்ட்டும் (தூக்கும் எடைகளும்) இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால், சாப்பாட்டை அளவுக்கு மேல் குறைத்திருக்கிறீர்கள்; தினம் 200 கலோரி திரும்பச் சேருங்கள். 8 முதல் 12 வாரத்தில் முடித்து, இரண்டு வாரம் எடை ஏறாமல் இறங்காமல் நிற்கும் சம அளவில் சாப்பிட்டுவிட்டு அடுத்ததை யோசியுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

புரோட்டீன் தினம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், 70 கிலோவுக்கு 112. கட்டின்போது இதைக் கொஞ்சம் கூட்டினாலும் தப்பில்லை. சூரை மீன் பச்சையாக 100 கிராமில் 22 கிராமுக்குக் குறையாது, கொழுப்பும் குறைவு. மத்தி, கொழுப்பில்லாத மாட்டுக்கறி சுமார் 20. முட்டை ஒன்றுக்கு 6. சோயா உருண்டை காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 50-க்கு மேல். கடலோரத்தில் இருக்கிற நமக்கு நாள்காட்டியும் இதில் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாததால் காசிமேட்டில் நாட்டுப்படகு, ஃபைபர் படகு மீன்தான், விலையும் ஏறும். புரோட்டீன் அதிகம் வேண்டிய ‘கட்’டை, மீன் விலை ஏறியிருக்கிற, வியர்வையில் எடைக் கணக்கே குழம்புகிற அந்த நேரத்தில் தொடங்குவது வீண் சிரமம். தடை முடிந்து ஜூன் நடுவில் தொடங்கினால் 12 வாரம் செப்டம்பர் தொடக்கத்தில் முடியும், தீபாவளிக்கு முன் சம அளவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். நடுவில் ஆடி மாதக் கூழும் கருவாடும் வரும். கூழைக் கணக்கில் சேர்த்துக் குடியுங்கள், அடுத்த மூன்று நாள் எடையைக் கண்டுகொள்ளாதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், விலை இறங்கியிருக்கிறதே வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். 100 கிராம் காட்டும் சாதாரண டிஜிட்டல் மெஷின், ஒரு டேப், லிஃப்ட் எழுத ஒரு நோட்டு போதும். மிச்சக் காசுக்கு முட்டை வாங்குங்கள். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். சாக்ஸ் போட்டுக்கொண்டு ஏறுங்கள். எடை வழக்கம்போல ஆப்பில் பதியும்; ஸ்டீல் பட்டையில் பாதம் படாததால் கொழுப்புக் கட்டம் வெறும் கோடாக நிற்கும்.