கோத்தகிரி சிலம்பக் கொட்டகை: மெடல் அவசரம் இல்லாதவர்களுக்கு

கோத்தகிரியில் சிலம்பம் எங்கே கற்றுத்தருகிறார்கள் என்று கேட்டால், பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ஒரு தகரக் கொட்டகையைத்தான் கை காட்டுவார்கள். போர்டு கிடையாது. ஆசானுக்கு எழுபது தாண்டிவிட்டது, இளவயதில் பிடித்த கம்பை இன்னும் கீழே வைக்கவில்லை. ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 6 மணிக்கு வகுப்பு.

சேர்ந்த உடனே கம்பு கைக்கு வராது. முதல் இரண்டு மாதம் வணக்கமும் காலடியும் மட்டும்தான். தரையில் சுண்ணாம்பால் முக்கோணம் போட்டிருக்கிறார், அதன் முனைகளில் கால் மாற்றி மாற்றி நகர வேண்டும். நிலை பிடித்து நிற்கும்போது பின்கால் குதிகாலுக்கு அடியில் காலித் தீப்பெட்டி ஒன்றைச் செருகிவிடுவார். எடை பின்னால் சாய்ந்தால் பெட்டி நசுங்கும். திட்டமாட்டார், வேறு பெட்டி வைப்பார். குதிகால் ஊன்றியவரால் சட்டென்று திரும்ப முடியாது. வீச்சின் வேகமெல்லாம் முழங்காலில்தான் இறங்கும். யூடியூப் பார்த்துக் கம்பு சுற்றுகிறவர்கள் பலர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான்.

கம்பின் அளவு, வெறுங்காலில் நிமிர்ந்து நின்றால் புருவம் வரை. பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து முதல் ஐந்தரை அடி. சிறுவர்களுக்குப் பிரம்பு தருகிறார், வளர்ந்தவர்களுக்குக் கல்மூங்கில். கல்மூங்கில் உள்ளே ஏறக்குறையக் கெட்டி. சாதா மூங்கில் உள்ளே கூடு என்பதால் நாலு தட்டு தட்டினாலே நுனி பிளந்து, சிராய் கையில் ஏறும். மலையில் ஈரம் வேறு. மூடுபனிக் காலத்தில் கம்பில் பூஞ்சணம் பூக்கும், அதற்குப் பயந்து எண்ணெயை ஊற்றினால் பிடி வழுக்கும். நல்லெண்ணெய் தொட்ட துணியால் வாரம் ஒருமுறை துடைத்து, காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்துப் படுக்கவைக்கச் சொல்கிறார். சுவரில் சாய்த்தால் கம்பு வளையும், வெயிலில் போட்டால் வெடிக்கும்.

அவரிடம் கற்க வேண்டியது பிடிதான். சுற்றும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கம்பை விடக்கூடாது, மற்ற மூன்றும் திறந்து திறந்து மூட வேண்டும். ஐந்தையும் இறுக்கினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், சுற்று தோளிலிருந்து வரும், கம்பு சொந்தக் காதிலேயே மோதும். விறைத்த கையோடு ஆரம்பித்தாலும் அதே கதிதான். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி காலைகளில் உடம்பைச் சூடாக்கவே 20 நிமிடம் போய்விடும்.

துள்ளி எழும் அடவுகளுக்கு இப்போது அவர் முட்டி இடம் கொடுப்பதில்லை. மூத்த மாணவி செய்துகாட்ட, அவர் பக்கத்தில் நின்று திருத்துகிறார். ஆனால் எதிரில் நின்று அடி வாங்கித் தடுக்கும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கம்பு அரை அடிகூட நகராது. கால் மட்டும் ஓரமாக ஒரு எட்டு வைக்கும், வந்த அடி காற்றில் போய்விடும். மாதக் கட்டணம் இதைப் பார்ப்பதற்கே சரியாகிவிடும்.

குறைகளும் உண்டு. போட்டிச் சிலம்பத்தில் இருவர் மோதும் பிரிவில் எதிராளி உடம்பில் கம்பு எங்கே தொடுகிறது என்பதற்குத்தான் புள்ளி, அந்தப் பயிற்சி இங்கே குறைவு. தலைக்கவசம் நாலைந்துதான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இருந்தது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. இதையெல்லாம் கேள்விப்பட்டுச் சான்றிதழுக்காகப் பிள்ளையைக் கூட்டி வரும் பெற்றோருக்கு இந்த இடம் ஒத்துவராது. ஒரு வருடம் ஆகாமல் இரட்டைக் கம்பு கிடையாது. சுருள்வாள் (சுருண்டு வளையும் மெல்லிய தகட்டு வாள்) கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். தகரக் கூரைக்குக் கீழே தீப்பந்தம் சுற்றுவதும் கிடையாது, அது நியாயம்தான்.

கட்டணம் மாதம் 400 ரூபாய், ரசீது தருவதில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளிடம் பணம் வாங்குவதில்லை. வெறுங்காலோடுதான் பயிற்சி. மோதிரம், வளையல், கைக்கயிறு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை ஒழுகி மேற்கு மூலைத் தரை வழுக்கும், முன்னாடியே போய் வேறு இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.