பெட் காலியான்னு பாக்கல, ஆளைப் பாத்தாங்க (4/5)

அண்ணனோட குடியை நிறுத்த ரெண்டு டி-அடிக்‌ஷன் சென்டர் அலைஞ்சோம். முதல் இடத்துல பேரு வயசு கேட்டதோட சரி, உடனே 90 நாள் அட்மிஷன்னு ஃபார்மை நீட்டிட்டாங்க, எவ்ளோ குடிப்பாரு, எத்தனை வருஷமா, சுகர் இருக்கா, ஒண்ணும் கேக்கல. எல்லாருக்கும் அதே 90 தானாம். எழுந்து வந்துட்டோம். ரெண்டாவதா போன சென்டருக்குத்தான் இந்த ரிவ்யூ.

இங்க அசெஸ்மென்ட்டே ஒண்ணரை மணி நேரம். உக்காந்ததும் "கடைசியா எப்ப குடிச்சீங்க?"ன்னாரு டாக்டர், அடுத்தது "முன்னாடி நிறுத்தினப்ப ஃபிட்ஸ் வந்துச்சா?" அண்ணன் இல்லைன்னு தலையாட்ட, அண்ணி மெதுவா "ஒரு தடவ வந்துச்சுங்க"ன்னாங்க. எனக்கே அப்பத்தான் தெரியும். ரெண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொல்லி நடுக்கம் பாத்தாரு, வேர்வை, குமட்டல்னு மொத்தம் 10 விஷயத்துக்கு மார்க் போட்டாரு. குடி நின்ன முதல் 2 நாள்லதான் ஃபிட்ஸ் வர்ற சான்ஸ் அதிகம், ஏற்கனவே வந்தவருக்கு இன்னும் ரிஸ்க், அதனால முதல்ல ஆஸ்பத்திரி பெட், கவுன்சிலிங்லாம் அப்புறம்னு சொல்லிட்டாரு.

6 நாள்ல உடம்பு தேறுச்சு. இனி உள்ளயே வெச்சுப்பாங்கன்னு பாத்தா மறுபடி உக்காத்தி வெச்சு கேள்வி, வீட்ல யாரு இருக்கா, வேற யாராவது குடிக்கிறாங்களா, வேலை இருக்கா, மனசு எப்படி இருக்குன்னு. அமெரிக்காவுல அடிக்‌ஷன் டாக்டர்கள் சங்கம் 1991ல கொண்டு வந்த முறையாம், உடம்பு மட்டுமில்லாம வீடு, மனசுன்னு எல்லாத்தையும் எடை போட்டுத்தான் எந்த லெவல் ட்ரீட்மென்ட்னு முடிவு பண்ணுவாங்களாம். வீட்ல இருந்தே வாரத்துக்கு 9 மணி நேரம் வந்தா போதும்னாங்க. நான் சண்டையே போட்டேன், உள்ள வைங்கன்னு. பூட்டி வெச்சாத்தான் ட்ரீட்மென்ட்னு நெனச்சவன்ல நானும் ஒருத்தன்.

ரெண்டாவது மாசம் ஒரு நாள் குடிச்சிட்டாரு. தொரத்திடுவாங்கன்னு பயந்துட்டே போனோம், திட்டல, திரும்ப அதே கேள்வியெல்லாம் கேட்டு வாரத்துக்கு 20 மணி நேரமா ஏத்தினாங்க, கொஞ்சம் நிலையானதும் மறுபடி கொறைச்சாங்க.

ஒரு ஸ்டார் ஏன் கம்மின்னா, மூணு மாசத்துல ரெண்டு கவுன்சிலர் மாறிட்டாங்க, ஒவ்வொரு தடவையும் கதையை முதல்ல இருந்து சொல்லணும். அண்ணிகிட்ட அந்த ஃபிட்ஸ் விஷயத்துக்கப்புறம் தனியா யாரும் பேசவே இல்ல, ஒவ்வொரு செஷனுக்கும் வெளிய பெஞ்ச்ல பையை மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க.