நமீபியா, தான்சானியா: ஜெர்மனி ஒப்புக்கொண்ட இரண்டு கொடுமைகள்

அன்று ஜெர்மன் காலனியாக இருந்த நமீபியாவில், எழுச்சி செய்த ஹெரேரோ இனத்தவர் மீது 1904 அக்டோபர் 2 அன்று ஜெர்மன் தளபதி ஃபான் ட்ரோத்தா எழுத்திலேயே ஆணையிட்டார்: ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹெரேரோ எவரும் சுடப்படுவர். ஏற்கெனவே ஒமாஹெகே பாலைக்குள் விரட்டப்பட்டவர்கள் தண்ணீரின்றி மடிந்தார்கள். கொல்லும் நோக்கம் காகிதத்திலேயே இருந்ததால் மறுக்க வழியில்லை. 2021-ல் ஜெர்மனி 'இனப்படுகொலை' என்பதை ஏற்று, 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. ஆனால் 'இன்றைய பார்வையில்' என்ற ஒட்டு கூடவே வந்தது. பணமும் இழப்பீடாக அல்ல, பெரும்பாலும் வளர்ச்சி நிதியாக. பேச்சு அரசுகளுக்கிடையே நடந்ததால், ஹெரேரோக்களும், அவர்களைப் போலவே கொல்லப்பட்ட நாமா இனத்தவரும் சார்ந்த தலைவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அவர்கள் கோபம் முழுக்க நியாயமானது.

இன்னொரு ஜெர்மன் காலனியான தான்சானியாவில் ஜெர்மன் ஆட்சிக்கு எதிராக எழுந்த மாஜி மாஜி எழுச்சிக்கு (1905–07) முக்கியக் காரணம் கட்டாயப் பருத்திச் சாகுபடி. ஜெர்மன் படை வயல்களையும் தானியக் களஞ்சியங்களையும் எரித்தது. துப்பாக்கியைவிடப் பஞ்சமே அதிகம் பேரைக் கொன்றது. 3 லட்சம் வரை இறந்ததாக மதிப்பீடு உண்டு. அப்படியிருந்தும், 2023 நவம்பரில் ஜெர்மன் அதிபர் ஷ்டைன்மயர் தான்சானியாவின் சோங்கேயா நகரில் மன்னிப்பு கேட்டபோது நமீபியாவுக்குச் சொன்னதைப் போன்ற தொகை எதுவும் இல்லை. 1906-ல் தூக்கிலிடப்பட்ட ங்கோனி இனத் தலைவர் சோங்கேயா ம்பானோவின் மண்டையோட்டை ஜெர்மனியில் தேட முயல்வதாக உறுதி தந்தார்.