கண்ணா, காதா? வாக்கீட்டாவை எண்ணும் இரண்டு வழிகள்

மெக்சிகோவில் கலிபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் மட்டுமே வாழ்கிறது வாக்கீட்டா. டால்பினுக்கு உறவான கடற்பன்றி இனங்களிலேயே சிறியது, வளர்ந்தாலும் ஒன்றரை மீட்டர்தான். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்குச் சின்னப் பசு என்று பொருள். டோடோவாபா மீனுக்கு விரிக்கும் செவுள்வலையில் சிக்கி, மூச்சு முட்டிச் சாகிறது. மிச்சம் எத்தனை என்று தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு: கப்பலில் நின்று பார்க்கலாம், கடலுக்குள் கருவி இறக்கிக் கேட்கலாம்.

பார்ப்பது பழைய வழி. பெரிய பைனாகுலர்களை மேல்தளத்தில் பொருத்தி, நேர்கோடுகளில் கப்பலை ஓட்டி, கண்ணில் பட்டதை வைத்துப் படாததையும் மதிப்பிடுவார்கள். 1997இல் இப்படி வந்த எண் 567. உண்மையில் அது 177 முதல் 1,073 வரை எதுவாகவும் இருக்கலாம்! ஆய்வாளர்களைக் குறை சொல்ல முடியாது. வாக்கீட்டா படகைக் கண்டால் விலகும், சத்தமில்லாமல் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறையும். கடல் லேசாக அலையடித்தாலே துடுப்பு எது, அலை எது என்று தெரியாது. இரவில் வேலையே நடக்காது.

காதுக்கு இந்தத் தொல்லை இல்லை. சி-பாட் என்பது நீளமான ஒரு குழாய்; உள்ளே பேட்டரிகள், முனையில் நீரொலிவாங்கி. கடலில் நங்கூரமிட்டு விட்டால், வாக்கீட்டா எழுப்பும், நம் செவிக்கு எட்டாத 130 கிலோஹெர்ட்ஸ் அளவிலான கிளிக் ஒலிகளை இரவு பகலாகக் குறித்துக்கொண்டே இருக்கும். மீன்பிடிக் காலத்தில் வைத்தால் வலையோடு போய்விடும் என்பதால், 2011 முதல் கோடையில் அதே இடங்களில் இறக்கினார்கள். 2018க்குள் 98.6 சதவீதச் சரிவு என்று காட்டியது அந்தப் பதிவுதான். சரிவை அளக்க வேண்டுமா, என் ஓட்டு காதுக்கே.

ஆனால் அது எண்ணுவது கிளிக்கை, தலையை அல்ல. ஒரே வாக்கீட்டா பத்து முறை போனாலும், பத்து ஒரு முறை போனாலும் பதிவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒலி டார்ச் வெளிச்சம்போல முகத்துக்கு நேரே குவிந்து போகிறது. முகம் திருப்பினால் கருவிக்குக் கேட்காது. கிளிக்கைத் தலைக்கணக்காக்க, கருவிக்கு எவ்வளவு தூரம் கேட்கும், ஒரு விலங்கு எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்பதெல்லாம் தெரிய வேண்டும். பால்டிக் கடலில் 2011 முதல் 2013 வரை 304 இடங்களில் சி-பாட் வைத்து, அங்குள்ள கடற்பன்றிகள் சுமார் 500 என்றார்கள். இடைவெளி அங்கேயும் அகலம்: நூறுக்குக் கீழிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை. ஆனாலும் அவ்வளவு பெரிய கடலில் இவ்வளவு குறைவான விலங்குகளைத் தேடிக் கப்பல் விடுவது வெட்டிச் செலவு.

2015இல் மெக்சிகோவில் இரண்டையும் சேர்த்தார்கள். ஆழத்தில் கப்பல், கப்பல் நுழைய முடியாத ஆழமற்ற இடங்களில் கருவி. விடை சுமார் 60.

எண்ணிக்கை பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கியதும் கண்ணுக்கு மறுபடி மவுசு வந்துவிட்டது. 2023 மே மாதம் எங்கே ஒலி வருகிறது என்று கருவிகள் காட்ட, கப்பல்கள் அங்கே போய்ப் பார்த்தன. கண்ணில் பட்டவை 10 முதல் 13 வரை இருக்கும் என்றார்கள். கூடவே கன்றும்! தாயோடு கன்று நீந்துகிறதா என்பதைக் கிளிக் பதிவிலிருந்து சொல்ல முடியாது.

2024இல் 6 முதல் 8 வரைதான், கன்று தென்படவில்லை. தேடியது ஒரு சின்னப் பகுதியில் மட்டும். மற்றவை அதைத் தாண்டிப் போயிருந்தால்? அங்கே கப்பலைச் சும்மா சுற்றவிடுவதைவிட, முதலில் கருவி போட்டுக் கேட்பதே சிக்கனம்.